அடி வாங்காத லோக்கோ

லோக்கோவை அடிக்காமல் தின்ன முடியாது. பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஒற்றை ஓட்டுக்குள் ஒரு கைப்பிடி வெள்ளைச் சதை, அவ்வளவுதான் அது. உயிரோடு பெயர்த்து, ஓட்டைக் கழற்றி, குடலை அறுத்தெறிந்து, சதை விறைப்பதற்குள் பழைய லாரி டியூபுக்குள் போட்டு, இரண்டு முனையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கல்லில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தால் நாக்கிலேயே கரையும். அடிக்காவிட்டால் செருப்பு. அதற்கு மேல் உப்பும் போட்டு வேகவைத்தாலோ கல்லாய் இறுகிவிடும், நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கிஸ்கல் குப்பத்தில் ஆண்கள் கடலடியில் போய் லோக்கோவைப் பெயர்த்து வருவார்கள், பெண்கள் அடிப்பார்கள், மேட்டு வீட்டுக்காரர்கள் தின்பார்கள். யார் எழுதி வைத்த ஏற்பாடோ தெரியாது, என் காலத்தில் மாறினதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஒடிலியா அந்த டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறியபோது, அவள் புருஷன் ரெமிஹியோ துறைமுக ஆபீசின் பின்னறையில் அடைபட்டுக் கிடந்தான். முந்தின நாள் மதியம் பிடித்திருந்தார்கள். பிப்ரவரி லோக்கோவுக்குத் தடைக்காலம். மூன்று வலைப்பை நிறைய லோக்கோவோடு அவன் படகைக் கரையேற்றியபோது கடற்படைச் சிப்பாய்கள் மணலில் நின்றிருந்தார்கள். படகு, லோக்கோ, கடலடியில் மூச்சுவிடக் காற்று அனுப்பும் கம்ப்ரசர், ஆள் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

தடைக்காலத்தில் அவனைக் கடலில் இறக்கியது யார்? மேட்டுப் பெரிய வீட்டு எஜமானி தோன்யா லியோனோர்தான். மகளுக்கு நிச்சயதார்த்தம், தலைநகர் சாந்தியாகோவிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள், லோக்கோ இல்லாமல் எப்படி என்று டிரைவரை அனுப்பிக் கேட்டவள் அவள். மீன் டப்பா கம்பெனி போன குளிர்காலத்தில் கதவடைத்ததிலிருந்து குப்பத்தில் முப்பது வீட்டுக்கும் ஒரே பொதுப் பானை. பயறும் எலும்பும் கடற்பாசித் தண்டும் அதில் மாறி மாறி வெந்தன. எலும்பு முறை வரும் நாளில் பிள்ளைகள் சீக்கிரமே வரிசைக்கு வந்துவிடும். அந்த நிலையில் எவன் மாட்டேன் என்று சொல்வான்?

"ஏட்டி, மெல்லப் போ. ஓடிப் போயி அவளுக்குக் கால் அமுக்கணுமாக்கும்?" என்றாள் பின்னால் வந்த சோய்லா. ரெமிஹியோவின் அக்கா. இரண்டு கையிலும் காலி எண்ணெய் டின்கள் ஆடின.

"லேட்டாப் போனா அதுக்கும் ஒரு பேச்சு வரும் மதினி."

"வரட்டும். என் தம்பிய ஏவி விட்டவ அவ. மாட்டுனதும் எனக்கு என்ன தெரியும்னுட்டா."

"துறைமுகக் கேப்டன் விருந்துக்கு வாறாராம். சாப்ட்டு முடிச்சதும் அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லுதேன்னிருக்கா."

"சாப்ட்டு முடிச்சதும்! முன்னாடியே சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமோ?"

ஒடிலியா நின்று மூச்சு வாங்கினாள். "ஆளு எப்பிடியும் வந்துருவாரு மதினி. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. கம்ப்ரசர் வராது. அது போச்சுன்னா நாம எல்லாரும் போச்சு. ரெண்டு வீட்டுக் கட்டிலயும் வித்துல்லா வாங்குனது?"

"இப்பம் ரெண்டு வீடும் தரையில கெடக்கோம்," என்றாள் சோய்லா. "போ, போ."

பெரிய வீட்டின் பின்கட்டில் கல் தொட்டியும் குழாயும் ஒரு அடுப்பும் இருந்தன. சமையல்காரி பிரிமித்திவா வாசலிலேயே மறித்தாள். குப்பத்தில் பிறந்தவள்தான். இருபது வருஷம் மேட்டில் இருந்ததில் பேச்சு எஜமானியுடையதாகிவிட்டது.

"கால கழுவிட்டு உள்ள வாங்க. அந்தப் பக்கம் போகாதீங்க, கேக் இருக்கு. சாந்தியாகோலேர்ந்து வேன்ல வந்தது."

"கேக்குக்கும் ஒரு வேனா?" என்றாள் சோய்லா.

"பூவுக்கு ஒண்ணு, கேக்குக்கு ஒண்ணு. பிரான்சு சீஸ் பிளேன்ல வந்துச்சு."

"எங்க பானைக்குப் பயறு தலைச்சுமையாத்தான் வருது."

தோன்யா லியோனோர் அப்போது ஒரு வெள்ளை நாய்க்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது இருக்கும், காலையிலேயே முத்துமாலை போட்டிருந்தாள். பிரிமித்திவா ஓடிப்போய் ஒரு தட்டில் நறுக்கிய மாட்டிறைச்சியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். கொழுப்போ எலும்போ இல்லாத தனித் தசை. நாய்க்குட்டி இரண்டு துண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை முகர்ந்து பார்த்து நகர்ந்தது. சோய்லா அந்தத் தட்டையே பார்த்தாள்.

"வந்துட்டியா ஒடிலியா. நல்லா அடிக்கணும் என்ன? போன தடவை ரெண்டு மூணு ரப்பர் மாதிரி இருந்துச்சு. எனக்கு அவமானமாப் போச்சு."

"சரிம்மா. அம்மா, லோக்கோ எங்க இருக்கு? அவர் புடிச்சதத்தான் கொண்டு போயிட்டாங்களே."

"அதைப் பத்தி உனக்கென்ன. கேப்டன் ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கார்." அவள் நாயைத் தடவினாள். "கஷ்டகாலம் உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எங்களையும்தான் ஆட்டுது. எண்பது பேரைக் கூப்பிட இருந்தோம், நாற்பதா குறைச்சாச்சு. இந்த வருஷம் பாரிசும் இல்லை. ரெண்டு வேலைக்காரிகளை வேற அனுப்பிட்டேன். அதனால தலையை வாரி ஏப்ரனைக் கட்டிக்கோ, தட்டு நீதான் கொண்டுவரணும்."

"கேப்டன்கிட்ட..."

"சொல்றேன்னு சொன்னேன்ல? மனுஷன் வயிறு நிறையட்டும்."

அவள் உள்ளே போனதும் சோய்லா தட்டிலிருந்த இறைச்சியை வழித்துத் தன் டின்னில் போட்டுக்கொண்டாள். பிரிமித்திவா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு குப்பம் இன்னும் அவளிடம் மிச்சமிருந்தது.

பத்து மணி வாக்கில் கடற்படை ஜீப் வந்தது. ஒரு சிப்பாய் வலைப்பை ஒன்றை ஈரச் சாக்கோடு இறக்கித் தொட்டியடியில் தள்ளிவிட்டு, "கேப்டனோட அன்பளிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒடிலியா சாக்கை விலக்கினாள். லோக்கோக்கள் உயிரோடுதான் இருந்தன. பையின் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு நீல நைலானில் தைத்திருந்தது. நீலம் தீர்ந்துபோனதால் கடைசி நாலு முடிச்சு மஞ்சள். போன மாதம் மடியில் போட்டு அவள் தைத்தது. சும்மா அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"நம்ம பை மதினி."

சோய்லா குனிந்தாள். பையின் வாயில் கம்பியால் ஒரு அட்டை கட்டியிருந்தது. நங்கூர முத்திரையும் கையெழுத்தும் போட்ட அட்டை. ஒடிலியாவுக்கு எழுத்து தெரியாது, நங்கூரம் தெரியும். சோய்லா நாலாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ரெமிஹியோ கத்ரிலேயோ... படகு ஒண்ணு. செவப்புக் கம்ப்ரசர், ஓஸ் குழாயோட, ஒண்ணு. லோக்கோ மூணு பை. தடைக்காலத்துல புடிச்சது. சாட்சிப் பொருள், கோர்ட்டு உத்தரவு இல்லாம பிரிக்கக் கூடாது." அவள் நிமிர்ந்தாள். "கீழ கேப்டன் கையெழுத்து. புடிச்சிட்டு வந்தா ஜெயிலு, புடுங்கிட்டு வந்தா அன்பளிப்பு. நாறப் பயலுவ!"

"மெல்லப் பேசுங்க!" பிரிமித்திவாவின் முகம் வெளுத்தது. "அந்த அட்டைய அடுப்புல போடு ஒடிலியா. ஒண்ணும் பார்க்கலைன்னு இரு. இந்தப் பட்டாள ஆட்சியில அவங்க பேர எடுத்தவங்க எத்தன பேர் திரும்பி வரலன்னு உனக்குத் தெரியாதா?"

"மத்த ரெண்டு பை எங்க?" என்றாள் ஒடிலியா.

"அவன் வீட்ல ஐஸ்ல இருக்கும்," என்றாள் சோய்லா. கம்பியை முறுக்கி அட்டையைக் கழற்றினாள். "இது நம்ம கையில இருக்கட்டும். பாதிரியார்ட்டக் குடுப்போம். சாந்தியாகோவுல அவருக்கு வக்கீல் தெரியும்."

"வக்கீல் எப்பம் வருவான்?"

"வருவான். ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசம்," என்றாள் ஒடிலியா. அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

ஓட்டைக் கழற்றுவதற்கு ஒரு நேக்கு உண்டு. கத்தியை விளிம்பில் கொடுத்து மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் சதை முழுசாக வரும். சோய்லா கழற்றிப் போட, ஒடிலியா குடலை நீக்கி அலசி டியூபுக்குள் இட்டாள். இருபது சேர்ந்ததும் முனையைக் கட்டித் தலைக்கு மேலே தூக்கிக் கல்லில் அறைந்தாள். தொப்பென்ற அந்தச் சத்தம் முன்கட்டு வரை கேட்கும். ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாரோ கத்தினார்கள். பிப்ரவரி வெயில் முதுகில் ஏறியது. வியர்வை கண்ணில் வழிய வழிய அடித்தாள். வழக்கமாக ஒரு டியூபுக்கு எழுபது அடி. அன்றைக்கு நூறைத் தாண்டியும் அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் மனதில் ஒரு முகம் வந்துபோனது.

"ஏன்டி இப்பிடிப் பாடுபடுத? அடிக்காம போடு. தின்னு பல்லு பேரட்டும்."

"எல்லாம் கல்லா இருந்தா நம்ம மேல பழி வரும் மதினி. அவ ஒரு வார்த்த பேச மாட்டா. நாய அவுத்து விடுவா."

"அந்த நாயா? அது கறியவே முழுசாத் தின்னல."

ஒடிலியாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கடைசி டியூபைக் கட்டும்போது பெரிதாக இருந்த ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள். உள்ளங்கையை விடப் பெரியது, தொட்டதும் இறுகிற்று. அதை டியூபில் போடவில்லை.

"அது யாருக்கு?"

"இவ்ளோ பெரிய அன்பளிப்பு கொண்டாந்தவருக்கு ஒண்ணு தனியா வைக்காண்டாமா?"

மற்றதெல்லாம் பெரிய அண்டாவில் உப்பில்லாமல் வெந்தது. அந்த ஒன்று மட்டும் சின்ன டப்பாவில், மூன்று கைப்பிடி உப்போடு, கொதி அடங்காமல் வெந்துகொண்டே கிடந்தது. பிரிமித்திவா அந்த டப்பாவைப் பார்த்தாள், ஒடிலியாவின் முகத்தைப் பார்த்தாள், கேக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடலைப் பார்த்த முற்றத்தில், வெள்ளைத் துணிப்பந்தலுக்குக் கீழே நீள மேசை போட்டிருந்தார்கள். ஐஸ் வாளிகளில் வெள்ளை ஒயின். கீழே குப்பம் முழுசாகத் தெரியும். பொதுப் பானையின் புகை நேராக மேலேறிக்கொண்டிருந்தது.

"பாருங்க, அவங்களும் கறி சுடுறாங்க போல!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பஞ்சம் பஞ்சம்னு பேப்பர்ல போடறான், இங்க புகை வந்துக்கிட்டே இருக்கே."

"அவங்களுக்கு என்னங்க, கடல்ல கையை விட்டா சாப்பாடு," என்றார் ஒருவர். "நம்ம பாடுதான் திண்டாட்டம். டாலர் என்ன விலைக்குப் போச்சு பார்த்தீங்களா?"

ஒடிலியா தட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கீரை இலை, மேலே இரண்டு லோக்கோ, பக்கத்தில் மயோனைஸ். கேப்டன் மேசையின் நடுவில் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை, தடித்த கழுத்து. அவர் தட்டில் பெரியது ஒன்றே ஒன்று. இலைக்கு அடியில் அட்டை. தட்டை அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு மயோனைஸ் கிண்ணத்தோடு எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"கேப்டனுக்குப் பெரிய இடம், பெரிய லோக்கோ!" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

மேசை முழுக்க ஆகா ஆகா என்றது. ஃபோர்க்கை வைத்தாலே சதை பிரிந்தது. கேப்டன் கத்தியை வைத்தார். கத்தி வழுக்கியது. அழுத்தினார். தட்டுக் கீச்சிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரமமில்லாமல் தின்பதைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் வெட்டத் தெரியவில்லை போல என்று முகம் சிவக்க அறுத்து, ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். கண் கலங்கியது. துப்பவும் முடியவில்லை. நாற்பது பேர் இருக்கும் மேசை. மறுபடி கத்தியை ஊன்றியபோது லோக்கோ துள்ளி இலையோடு ஒதுங்கியது. அடியில் நங்கூரம் தெரிந்தது. தன் கையெழுத்தும் தெரிந்தது.

தாடை நின்றுவிட்டது. மெல்லத் தலையைத் தூக்கி யார் வைத்தார்கள் என்று தேடினார். ஒடிலியா கண்ணை எடுக்கவில்லை. ஓடிவிடு என்று கால் சொல்லிற்று, அவள் நின்றாள்.

"என்ன கேப்டன், பேச்சே காணோம்?" என்றாள் தோன்யா லியோனோர். "மெத்துன்னு இருக்கா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாயில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது.

"வெண்ணெய்," என்றார் கேப்டன். "வெண்ணெய்தான்." கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். வாயைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்துத் தட்டின் மேல் விரித்தார். எடுத்தபோது அட்டையும் கூடப் போயிற்று.

"அப்புறம் அந்த டைவர் விஷயம்," என்று தோன்யா லியோனோர் குழைந்தாள். "இவ புருஷன்தான். பாவம், இந்த ஒரு தடவை..."

"எந்த டைவர்?" கேப்டன் ஒயினை ஒரே மூச்சில் குடித்தார். "அப்படி ஒரு கேஸே நம்ம ஆபீஸ்ல கிடையாதே. ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவான்."

மேசை கை தட்டியது. தோன்யா லியோனோர் ஒடிலியாவின் கையைத் தொட்டாள். "பார்த்தியா? சொன்னா சொன்னபடி செய்யறவ நான். போ, கேக்கை எடுத்துட்டு வா."

அன்று ஐந்து மணிக்கு ஒடிலியா துறைமுக ஆபீஸ் வாசலில் நின்றாள். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ரெமிஹியோ வெளியே வந்தான். மேலுதடு வீங்கியிருந்தது. வாசல் சிப்பாய், காலையில் அன்பளிப்பு இறக்கின அதே ஆள், கை நீட்டிக் காட்டினான்.

"படகு மணல்ல கெடக்கு. இழுத்துட்டுப் போங்க."

"கம்ப்ரசர்?" என்றான் ரெமிஹியோ.

"எந்தக் கம்ப்ரசர்?"

"செவப்பு. ஓசோட. படகுலதான் இருந்துச்சு. நீதான் கழத்துன."

"பேப்பர் இருக்கா?"

ரெமிஹியோ ஒடிலியாவைப் பார்த்தான். அவள் கை ரவிக்கைப் பக்கம் போய் வெறுங்கையாகத் திரும்பியது.

"இங்க பாரு," என்றான் சிப்பாய், குரலைத் தாழ்த்தி, ஓரளவு பரிதாபத்தோடுதான். "ஒன்ன நாங்க பிடிக்கவே இல்ல. கேஸ் இல்ல. கேஸ் இல்லன்னா நாங்க எடுத்த பொருளும் இல்ல. ஆளு முழுசா வந்திருக்க. போயிரு."

படகின் பலகையில் கம்ப்ரசரை முறுக்கியிருந்த நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன. இருவருமாகப் படகைக் குப்பம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். பொதுப் பானையைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள். சோய்லா இரண்டு டின்னிலும் லோக்கோ வெந்த தண்ணீரைச் சுமந்து கொண்டுவந்திருந்தாள். மேட்டில் அதைச் சாக்கடையில்தான் ஊற்றுவார்கள். நாய்க்குட்டி ஒதுக்கிய இறைச்சியும் அதில் வெந்தது. குப்பம் முழுக்க வாசனை.

அவள் ரெமிஹியோவுக்கு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அவன் உறிஞ்சிவிட்டு, "உப்பே இல்லியேக்கா," என்றான்.

"உப்பு பூராவும் ஒம் பொண்டாட்டி கேப்டனுக்குப் போட்டுட்டா!"

சோய்லா கதையை விஸ்தாரமாகச் சொன்னாள். நேரில் பார்க்காத மேசையைப் பார்த்த மாதிரி சொன்னாள். கத்தி வழுக்கினதையும் தட்டுக் கீச்சிட்டதையும் வெண்ணெய் வெண்ணெய் என்று அவர் சொன்னதையும் நடித்தே காட்டினாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீங்கின உதட்டோடு ரெமிஹியோவும் சிரித்தான்.

"மென்னானா? நெசமாவே மென்னானா?"

"மென்னான்," என்றாள் ஒடிலியா.

"எம்புட்டு நேரம்?"

"பக்கத்துல உள்ளவன் ரெண்டயும் தின்னு முடிக்கிற வரைக்கும்."

"துப்பலியா?"

"துப்பல. முழுங்கிட்டான்."

மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. ஒடிலியா மட்டும் சிரிக்கவில்லை. மேட்டில் பாட்டு தொடங்கியிருந்தது. டியூபை இரண்டாக மடித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து அடித்து வீங்கின தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அட்டையோட சேத்து முழுங்கிட்டான். கம்ப்ரசர் அதுலதான் எழுதியிருந்துச்சு, மதினி வாசிச்சாவ, நானும் கேட்டேன்," என்றாள். "நானேல்லா தட்டுல வச்சுக் குடுத்தேன்."